கிணற்றைக் குடித்த கால்

பாதச் சாமி வந்து இறங்கியதும் வாளையார்ப் பக்கத்துச் சனம் அத்தனையும் தங்கள் கால்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. சிமெண்டு லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் பாதி, மாட்டு வண்டி கட்டி வந்தவர்கள் மீதி. மஞ்சள் தண்ணீரில் காலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒரு மிதி மிதித்தால் போதுமாம். அது குடும்பத்தை வாழவைக்கும் காலா, கிணற்றை வற்றவைக்கும் காலா என்று சாமி சொல்லிவிடுவாராம். எழுபத்து நாலாம் வருசம்; மழை ஏமாற்றியிருந்தது. வானத்தைக் கேள்வி கேட்க முடியாது. புதிதாக வந்த மருமகளைக் கேட்கலாம்.

தன் வீட்டுக் கிணறும் வற்றிப்போகவே, காளியாத்தாளும் புது மருமகள் செல்லாத்தாளைக் கூட்டிக்கொண்டு போனாள். இது இரண்டாம் தடவை. போன வாரம் துணியைப் பார்த்துவிட்டு, தோஷம் கொலுசில் இறங்கியிருக்கிறது என்று பெண்ணின் வெள்ளிக் கொலுசைக் கழற்றி வாங்கிக்கொண்டார் சாமி. தோஷத்துக்கும் விவரம் உண்டு, பித்தளையில் இறங்காது. கொலுசு போயும் கிணறு ஊறவில்லை. இன்றைக்குச் சாமி, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடச் சொல்லிவிட்டார்.

காளியாத்தாளுக்கு மனசு வரவில்லை. ஆண்பிள்ளைகளை மட்டுமே பெற்ற வீட்டில், அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வந்த ஒரே ஆள் இந்தப் பெண்தான். திருப்பி அனுப்பிய பெண்ணை ஊர் என்ன பேசும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் சாமி ஆதாரம் காட்டுகிறாரே, என்ன செய்வது?

"புது மருமக வந்து, கெணறு வத்துன ஊட்டுக்காரங்க ஏழெட்டுப் பேரு இங்க இருக்கறீங்க, எந்திரிங்க" என்றார் சாமி.

ஏழெட்டுக் குடும்பம் எழுந்தது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எந்த வீட்டில் கல்யாணம், எந்தக் கிணறு காலி என்று சாமியின் சீடன் டீக்கடையில் உட்கார்ந்து கதை கேட்டுப் போனது யாருக்கும் நினைவில்லை.

செல்லாத்தாளும் எழுந்தாள். "ஏனுங்க சாமி, ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா?"

"கேட்டுட்டுப் போம்மா."

"புது மருமவ வந்தும் தண்ணி இருக்கற ஊட்டுக்காரங்களும் எந்திரிக்கட்டுங்க."

அவர்களை எந்தச் சாமியும் எழச் சொன்னதில்லை. நாலு குடும்பம் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்தது.

"அதெல்லாம் ராசியான காலு" என்றார் சாமி அவசரமாக.

"இருக்கட்டுங்க. தண்ணி இருக்குதுன்னு அக்கட்ட நிக்கறவங்க எதுல எறைக்கறீங்க?"

"மாடு பூட்டி, தோல்பறியிலதானுங்க கவலை எறைக்கறோம்."

"கெணறு வத்துனவங்க?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கரண்டு மோட்டாருங்க" என்றான் ஒருவன். "எங்களுக்கும் மோட்டாருதான். கல்யாணச் சீருல வந்தது" என்றான் இன்னொருவன்.

செல்லாத்தாள் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். "அத்தை, எங்கப்பன் என்னைய மட்டுமா அனுப்புனாரு? நான் வந்த வண்டியிலதான் மோட்டாரும் வந்துச்சு. ஊற ஊற அதுதான் ராவும் பகலும் உறிஞ்சுது. தண்ணியக் குடிச்சது என்ற காலுங்களா, அதுங்களா?"

காளியாத்தாளுக்குத் தலையில் தட்டியதுபோல் இருந்தது. ஆனாலும் சாமியைப் பார்த்தாள். சாமி விடவில்லை. "காலு வந்ததாலதான் மோட்டாரே வந்துச்சு. தோஷம் ஒண்ணுதான்."

"மருமவ வராம மோட்டார் மட்டும் வாங்குனவங்க இருக்கறாங்களா?" என்றாள் செல்லாத்தாள்.

பின்னாலிருந்து செங்கோட்டையன் எழுந்தார். அறுபது வயசு, கட்டைப் பிரம்மச்சாரி. "என்ற ஊட்ல பொம்பளைக் காலே பட்டதில்லீங்க. போன வருசம் மோட்டார் வெச்சேன். கெணத்துல இப்பத் தவளைகூட நிக்கறதில்லீங்க."

கூட்டம் சிரித்தது. சாமி சட்டென்று எழுந்தார். "துணி பொய் சொல்லாது" என்று கொடியில் காய்ந்த துணிகளைக் காட்டினார்.

காளியாத்தாள் முன்னே போனாள். "இதுல என்ற மருமவ காலு எதுங்க சாமி?"

சாமி தயங்காமல் ஒன்றைத் தொட்டார். "இதோ. கோணப் பெருவெரலு. குடி கெடுக்கற காலு."

செங்கோட்டையன் குனிந்து பார்த்தார். "அது என்ற காலுங்க சாமி. கடப்பாரை விழுந்து நசுங்குன வெரலு. காத்தால நான்தானே மொதல்ல மிதிச்சேன்."

சாமி தன் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கப் பார்த்தார். காளியாத்தாள் அதைப் பிடுங்கி அவிழ்த்தாள். தோஷமெல்லாம் பளபளவென்று ஜோடி ஜோடியாகக் கிடந்தது. தன் வீட்டுக் கொலுசை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க மருமகள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"காலை நீட்டு, அம்முணி."

"வேண்டாமுங்க அத்தை, குடுங்க, நானே போட்டுக்கறேன்."

"நீட்டுன்னா நீட்டு. தப்பு என்ற மேல."

அன்றைக்கு வீடு போனதும் காளியாத்தாள் முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தினாள். கிணறு மெல்ல மெல்ல ஊற ஆரம்பித்தது.

சாமி இந்நேரம் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அங்கேயும் சிலரை எழுந்து நிற்கச் சொல்வார். அவர்களைப் பார்த்துக் கும்பிடுவதற்கு முன்னால், உட்கார்ந்திருக்கிறவர்களையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அதற்குக் கரண்டு வேண்டியதில்லை. கழுத்து இருந்தால் போதும்.