பழம் வைக்காத பழத்தட்டு

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே, சாப்பாட்டு மேஜை இல்லாமல் சாப்பாட்டு மேஜைக்கு அலங்காரம் சேர்த்த ஒரே மனிதர் எங்கள் ‘பழத்தட்டு’தான். ஜில்லா என்ன, சென்னை ராஜதானி முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொருவர் அகப்பட்டிருக்க மாட்டார்.

முப்பதுகளில் நானும் அவரும் ஒரு பஞ்சு கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாக்கள். எதிரெதிர் மேஜை. அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் குடியிருந்தது. முதலாளியிலிருந்து வாசல் காவல்காரர் வரை எல்லாருக்கும் அவர் பழத்தட்டுதான்.

நீலகிரியில் இருந்த துரைமார் சீமைக்குக் கப்பலேறும் முன் பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் கட்டில், பீரோ, கிராமபோன் என்று எடுத்து வருவார்கள். இவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விருந்து மேஜையின் நடுவே பழம் குவித்து வைக்க, ஒற்றைக் காலில் உயர்ந்து நிற்குமே, அந்த அகன்ற தட்டு. கண்ணாடி, பீங்கான், வெள்ளி, எதுவானாலும் சரி, பழசாக இருக்க வேண்டும். அப்படி ஒரு டஜன் தட்டுகள் அவருடைய ஒற்றை அறையில் பாய்மேல் வரிசையாக நின்றன. ஒண்டிக்கட்டை மனிதர், கதவோரம் மிச்சமிருந்த இடத்தில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். சாப்பாடு தரையில், வாழையிலையில்.

ஒருமுறை குன்னூர் ஏலத்தில் நீலக் கண்ணாடித் தட்டு ஜோடியாகக் கிடைத்தது. மேட்டுப்பாளையம் வரை ரயிலில் தட்டுகள் உட்கார்ந்து வந்தன, இவர் நின்றுகொண்டு வந்தார். ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல், “ஏனுங்க, இதுக்கெல்லாம் டிக்கெட் இருக்குதுங்களா?” என்று கேட்டாள். இவர் பையிலிருந்து மூன்று டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

இத்தனை செய்தவர், அந்தத் தட்டுகளில் ஒரு நாளாவது பழம் வைத்தாரா? மூச்! நான் ஒருமுறை தெரியாத்தனமாக வெள்ளித் தட்டில் ஒரு கொய்யாவை வைத்துவிட்டேன். மனிதர் துள்ளி எழுந்தார்.

“தம்பி! பழம் வெக்கற எடமுங்களா இது?”

“பழத்தட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பேருதானுங்க அது. கறை புடிச்சா யாருங்க தொடைக்கறது? எடுங்க மொதல்ல!”

கொய்யாவை எடுத்த பிறகும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்தச் சட்டம்தான் அவருக்கு வினையாக வந்தது. உறவு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தங்கை மட்டும். தங்கை மகள் பெரியவளாகி, தெரட்டிச் சீர் வைத்தார்கள். தாய்மாமன் ஆயிற்றே! சேலை, மாலை எல்லாம் முறைப்படி கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். நீலக் கண்ணாடி ஜோடியில் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, சபை நடுவில் பெண்ணின் முன்னால் வைத்தார். தன் உயிரில் பாதியைக் கொடுப்பதாக அவருக்கு நினைப்பு.

தங்கையின் மாமியார் எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பழம் எங்கீங்க?”

“பழம் வெக்கற எடமுங்களா இது? பாக்கறதுக்குங்க!”

சீரில் வெறுந்தட்டு வைத்த தாய்மாமனை எங்கள் கொங்கு நாடு அதற்கு முன் கண்டதில்லை. சபை கொல்லென்று சிரித்தது. தங்கைக்குத் தலை நிமிரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மூன்று வருஷம். ஏலத்துக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். ஜோடியில் மிஞ்சிய தட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். தபால்காரர் வரும் நேரத்துக்கு ஆபீஸ் கேட்டைப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள், ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள்.

“தட்டு பழத்தோட வந்தா அம்மிணிக்குக் கோவம் தீந்துபோச்சுன்னு அர்த்தமுங்க. வெறுசா வந்தா ஒறவு முடிஞ்சுபோச்சுங்க. ரெண்டும் வரலீங்களே தம்பி,” என்பார். சிரிக்கத் தெரிந்த எனக்கு அப்போது சிரிப்பு வராது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று தங்கை ஊர்ப்பக்கத்திலிருந்து பஞ்சு கொண்டுவந்தவர் சொன்னார். தாய்மாமனுக்கு அழைப்பில்லை. அன்று மனிதர் டிபன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏனுங்க, அழைப்பு வராட்டி என்னங்க? அந்த இன்னொரு தட்டை நெறைச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க!”

“நெறைச்சா?” என்றார், கொலை செய்யச் சொன்ன மாதிரி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டில் நின்றார். ஒவ்வொரு பழத்தையும் கழுவி, ஆபீஸ் சாம்பிள் பஞ்சால் துடைத்து, வலிக்குமோ என்பதுபோல் தட்டில் வைத்தார். துணைக்கு நானும் பஸ் ஏறினேன். அன்னூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் ஒரு மாதுளை உருண்டு ஓடியது. தட்டை என் மடியில் தள்ளிவிட்டு, பழத்துக்காக மனிதர் சீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனார்! அவர் தட்டைக் கைவிட்டு அன்றுதான் பார்த்தேன்.

தங்கை வீட்டு வாசலில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். கதவைத் திறந்த தங்கை தட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“ஏனுங்ணா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? உள்ள வாங்க.”

உள்ளே போய், பழைய சேலையில் சுற்றிவைத்திருந்த அந்த முதல் தட்டை எடுத்து வந்தார். ஒரு கீறல் இல்லை.

“வெறுந்தட்டாத் திருப்பி அனுப்ப மனசு வரலீங்ணா,” என்றார். “நெறைச்சு அனுப்பக் கோவம் உடலீங்ணா.”

சொல்லிக்கொண்டே அண்ணன் தட்டிலிருந்து பாதிப் பழத்தை எடுத்துத் தன் தட்டில் அடுக்கினார். பழத்தட்டுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அந்த அழுகையிலும், “மெதுவா அம்மிணி, கீறல் உழுந்துருமுங்க!” என்றார்.

கல்யாணத்தில் மாமன் சீர் இரண்டு நீலத் தட்டு நிறையப் போயிற்று. ஊருக்குத் திரும்பியதும், இனி நமக்கும் அனுமதிதான் என்று வெள்ளித் தட்டில் ஒரு ஆரஞ்சை வைத்தேன். “பழம் வெக்கற எடமுங்களா இது?” என்று அதே துள்ளல். தங்கைக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்!

நான் வேலை மாறிப் போனபோது, ஓரம் உடைந்த பீங்கான் தட்டு ஒன்றைப் பஞ்சில் பொதிந்து என்னிடம் கொடுத்தார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. என் வீட்டு மேஜை நடுவில் அந்தத் தட்டு இன்றும் நிற்கிறது. தினமும் காலையில் அதில் இரண்டு பூவன்பழம் வைத்துவிட்டு, யாராவது துள்ளி எழுந்து அதட்ட மாட்டார்களா என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.