டோன்ற் சீ அங்கிளின் மூன்று நம்பர்கள்

கொழும்பு மாநகரத்தில் ஒருவரையும் ஒருமுறைகூட ‘பிழை’ என்று சொல்லாமல் அறுபது வயதைத் தொட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே கந்தோரில் எதிரெதிர் மேசைகளில் ஏழு வருஷம் இருந்தோம். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை எடுத்துக் கொடுக்கும் சின்னக் கந்தோர் அது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி பியோன் முதல் மனேஜர் வரை எல்லோருக்கும் அவர் டோன்ற் சீ அங்கிள்.

இங்கிலாந்திலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. முப்பது வருஷம் அவற்றைப் படித்துப் படித்து அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளாத வெள்ளைக்காரன் ‘நீ சொல்வது பிழை’ என்று எழுதமாட்டானாம். ‘எனக்கு அது அப்படித் தெரியவில்லை’ என்றுதான் எழுதுவானாம்.

“நாங்க பிழையைத் தூக்கி மற்றவன்ட தலையில போடுறம், மிஸ். அவன் தன்ட கண்ணில போட்டுக்கொள்றான். சண்டையே வராது பாருங்க,” என்பார்.

அதே வெள்ளைக்காரன் நாடு நாடாய்ப் பிடித்த கதையை நான் ஞாபகப்படுத்துவேன். “ஐ டோன்ற் குவைற் சீ தற்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சுவார்.

இதற்கு மூன்று நம்பர் வைத்திருந்தார். ‘ஐ டோன்ற் குவைற் சீ’ என்று கடிதத்தில் வந்தால் நம்பர் ஒன்று. கதவு திறந்துதான் இருக்கிறது, இன்னொரு கடிதம் போடலாம். ‘ஐ கான்ற் சீ’ நம்பர் இரண்டு. கதவைச் சாத்தப் போகிறான், உடனே காலை வைத்துத் தடுக்க வேண்டும். ‘ஐ ஃபெயில் டு சீ’ என்று வந்துவிட்டதோ, அது நம்பர் மூன்று. லோயரிடம் போக வேண்டியதுதான். தபால் வந்ததும் நாங்கள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. “என்ன நம்பர் அங்கிள்?” என்றுதான் கேட்போம்.

கடிதத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் வாழ்க்கையையே அப்படி நடத்தினார். கல்கிசை பஸ்ஸில் ஒரு தடியன் இவர் காலில் ஏறி நின்றுகொண்டு, ஏறவே இல்லை என்று சாதித்தான். இவர் பணிவாக நம்பர் இரண்டைச் சொன்னார். வெள்ளவத்தை வரும்வரை அவன் காலை எடுக்கவில்லை. பல் வைத்தியர் தவறுதலாக நல்ல பல்லில் குறடு போட்டபோதும் இவர் நம்பர் ஒன்றிலிருந்துதான் தொடங்கினார். நம்பர் இரண்டுக்கு வருவதற்குள் பல் வெளியே வந்துவிட்டது. அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார், சிரிக்கும்போது அந்த இடைவெளியும் தெரியும்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் ஒருநாள் என் வேலை போய் நின்றது.

ஒரு கொள்கலன் நிறைய உருளைக்கிழங்கு துறைமுகத்தில் கிடந்து அழுகிவிட்டது. அதை வெளியே எடுக்கும் கடதாசியில் மனேஜர் கையெழுத்துப் போடவில்லை. நான் அதைக் கொண்டுவந்து தரவே இல்லை என்றார் அவர். புதன்கிழமையே அவர் மேசையில் வைத்தேன் என்றேன் நான். கந்தோரில் எல்லோரும் தத்தம் கடதாசிகளுக்குள் குனிந்துகொண்டார்கள். வீட்டில் அப்பா படுத்த படுக்கை, உழைக்கிறவள் நான் ஒருத்திதான். என்னை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் லண்டனில் இருக்கும் முதலாளியின் சம்மதம் வேண்டும். அதற்கு நல்ல இங்கிலீஷில் ஒரு கடிதம் வேண்டும். மனேஜர் தமிழில் எழுதியதை எடுத்துக்கொண்டு டோன்ற் சீ அங்கிளின் மேசைக்கு வந்தார்.

அங்கிள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு, “ஐ டோன்ற் குவைற் சீ திஸ், சேர்,” என்றார்.

எனக்கு அந்த நல்ல பல்லின் ஞாபகம் வந்தது.

உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, எழுதினால் போதும் என்றார் மனேஜர். அங்கிள் பேனையைத் திறந்தார், மூடினார். நம்பர் இரண்டைச் சொன்னார். மனேஜர் மேசையில் தட்டினார். அங்கிளின் காது சிவந்தது. நம்பர் மூன்று வந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுவிட்டன. அதற்கு மேல் ஒரு நம்பர் இருப்பதாக எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் அதுவரை தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

“இப்ப எழுதுவீங்களா, மாட்டீங்களா?” என்றார் மனேஜர்.

அங்கிள் எழுந்து நின்றார். தமிழிலேயே சொன்னார்.

“இது பிழை, சேர். புதன்கிழமை இந்தப் பிள்ளை கொண்டு வந்து தந்தது. நீங்க ஃபோனில கிரிக்கெட் பார்த்துக்கொண்டு மேசை லாச்சிக்குள்ள போட்டீங்க. நான் கண்டனான்.”

டோன்ற் சீ அங்கிள் எதையோ கண்டதாகச் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டோம். மனேஜர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். போய் லாச்சியைத் திறந்தார். நான் வைத்த கடதாசி, புதன்கிழமைத் திகதி முத்திரையோடு, மேலேயே கிடந்தது. உண்மையிலேயே மறந்திருக்கிறார் பாவம். கொண்டுவந்த கடிதத்தை நான்காய்க் கிழித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அழுதேன். அங்கிள் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மிஸ், உங்களுக்கு முன்னால அப்பிடி ஒரு சொல் நான் கதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

எனக்காக ஒருவர் கதைத்த கெட்ட வார்த்தை அது ஒன்றுதான். ஒருவருக்கும் தராமல் அறுபது வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை எனக்காக எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இப்போது ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமுள்ள அடுக்குமாடி வீடொன்றில் தனியே இருக்கிறார். அவர் மனைவி காலமாகி இரண்டு வருஷம். சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். நாலு மாடி ஏறி நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒவ்வொரு தரமும் அதையேதான் சொல்வார்.

“இந்தக் கிழவனைப் பார்க்க இந்த வெயிலில வரத் தேவையில்ல, மகள்.”

நான் ஒன்றையும் இரண்டையும் விட்டுவிட்டு நேரே நம்பர் மூன்றைச் சொல்வேன். அதற்கு மேல் கதைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பார்.