வத்தலோடு காய்ந்த இசைத்தட்டு

மச்சானின் இசைத்தட்டை மிளகாய் வத்தலோடு மொட்டைமாடியில் காயப்போட்டது தப்பு என்பது, அது அப்பளம் மாதிரி வளைந்த பிறகுதான் திருப்பதிக்குத் தெரிந்தது.

மச்சான் பாண்டிராஜுக்குச் சொந்த ஊர் புதூர். வீட்டுக்கு வெள்ளையடிப்பதால், அருமையாக வைத்திருந்த அம்மன் பாட்டுத் தட்டைக் கோவில்பட்டியில் திருப்பதியைக் கட்டியிருக்கும் தங்கை செல்வலட்சுமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊர்க் கோவில் கொடைவிழாவுக்குக் கேட்டே கொடுக்காத தட்டு. ஊசி பட்டால் தேய்ந்துவிடும் என்று அவரே அதைப் போட மாட்டார். அதில் கரிசல் புழுதி படிந்திருக்கிறதே என்று சோப்புப் போட்டுக் கழுவியது திருப்பதியின் நல்ல மனசு. கழுவினால் காயவைக்க வேண்டாமா?

வளைவை நிமிர்த்துகிறேன் என்று அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றினான். தட்டு இரண்டாகப் போனது.

"வெள்ளிக்கிழம அண்ணன் வரும். இது தெரிஞ்சா இனி இந்த வாசப்படிய மிதிக்காது. எனக்கு இருக்கது ஒரே அண்ணன்" என்று செல்வலட்சுமி அழுதாள். திருப்பதி போனை எடுத்தான்.

ஆன்லைனில் தேடினால் அதே தட்டைப் பலர் விற்றார்கள். முதல் ஆள் வாய் நிறைய 'சார்' போட்டு, முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டான். திருப்பதி அனுப்பப் போன நேரத்தில், போனிலேயே சேலை வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டுச் சுதாராணி போனைப் பிடுங்கினாள். இன்றைய பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ கேட்கச் சொன்னாள். கேட்டதும் அந்த ஆளைக் காணோம். அடுத்தவன் போட்டோ அனுப்பினான். ஆனால் பேப்பரில் போன தீபாவளி விளம்பரம் பல்லை இளித்தது.

சூடு கண்ட பூனையாகிவிட்டான் திருப்பதி. மூன்றாவதாகச் சிக்கியவர் கயத்தாற்றில் மைக்செட் வைத்திருக்கும் பரமசிவன். நல்ல மனிதர், பாவம். பேப்பரோடு போட்டோ கேட்டான், அனுப்பினார். தட்டு சுற்றும் வீடியோ கேட்டான், அதையும் அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்காயை வைத்துக் காட்டச் சொன்னான். உடனே போன் வந்தது.

"நீரு தட்டு வாங்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா? உம்மப் பாத்தாத்தான் வே எனக்குச் சந்தேகமா இருக்கு. உமக்குத் தட்டு கிடையாது."

நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். வேறு வழியில்லாமல் திருப்பதி கயத்தாற்றுக்குப் பஸ் ஏறினான். கடை வாசலில் நின்று, மிளகாய் வத்தலில் ஆரம்பித்து மனைவியின் அழுகை வரை ஒன்று விடாமல் சொன்னான். பரமசிவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தட்டை முழுசாகப் பாடவிட்டுக் காட்டி நியாயமான விலைக்கே கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்க்க ரிக்கார்டு பிளேயர் பெட்டியையும் இரவலாகத் தந்தார். மனுசன் என்றால் இவரல்லவா மனுசன்!

வெள்ளிக்கிழமை பாண்டிராஜ் மனைவி அமுதவள்ளியோடு வந்தார். பழைய உறைக்குள் புதுத் தட்டு பாந்தமாக உட்கார்ந்திருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைக்கப் போனார். அத்தோடு திருப்பதி வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு கீறல் இல்லை என்பதை நிரூபித்தாக வேண்டும் என்று அவனுக்கு ஒரே அரிப்பு.

"ஒரு தடவ போட்டுக் கேட்டுருவோம் மச்சான்."

"வேண்டாம் மாப்ளே. ஊசி பட்டா தேஞ்சு போவும்" என்றார் பாண்டிராஜ். அவருக்கு முகமே மாறிவிட்டது.

மச்சான் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று திருப்பதிக்கு ரோசம் வந்தது. தட்டை வாங்கிப் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கினான். உடுக்கைச் சத்தத்தோடு அம்மன் பாட்டு வீடு முழுக்கக் கணீரென்று ஒலித்தது. செல்வலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாண்டிராஜ் மட்டும் வாயைத் திறந்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அமுதவள்ளி டம்ளரோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி லட்சுமி, லேபிள மாத்தி ஒட்டி எவனோ ஆன்லைன்ல இவிய தலையில கட்டுன தட்டுல்லா இது? எங்க வீட்டுல ஒரு தடவ போட்டப்ப ஒரு வெள்ளக்காரன் கோழி வளக்கப் பாடம்லா எடுத்தான். இங்கன வந்ததும் எப்படி அம்மன் பாட்டுப் படிக்குது?"