மைக்செட் கேட்ட வாசிப்பு

ஒலிபெருக்கி இல்லாமல் மனைவியிடம் தண்ணீர் கேட்கத் தெரியாத ஒரே மனிதர் உலகத்தில் எங்கள் மைக்செட்தான். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் எங்கள் தெருவில் இருந்துகொண்டு, சர்ச் கன்வென்ஷன், அம்மன் கோயில் கொடைவிழா, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்த மனிதர் ஒருமுறை ஆரம்பப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு மைக் கட்டப் போனார். "பிள்ளைகளைத் தினமும் வீட்டில் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்" என்றார் டீச்சர். பெற்றோர்களாகிய நாங்கள் டீயும் பருப்பு வடையும் முடித்த கையோடு அதை மறந்துவிட்டோம். பிள்ளைகுட்டி இல்லாத மைக்செட் மட்டும் அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவர் ஷெட்டின் முன்னால் மைக், ஸ்டூல், பலாமரத்தில் குழாய்.

"வீட்டுல கேக்க ஆளில்லேன்னா தெருவு கேக்கட்டு! டீவி நாடகம் தொடங்கதுக்கு முன்ன வீட்டுக்கொரு பிள்ளையா முறை வச்சு வரணும், கேட்டியளா!" என்று குழாயிலேயே அறிவித்தார்.

தெரு கொதித்தது. ஆனால் தன் பிள்ளை திணறுவதை அடுத்த வீட்டார் கேட்டுவிட்டால் என்ன ஆவது? முறை வரும் வீட்டில் பள்ளி விட்டதுமே ஒத்திகை தொடங்கிவிடும். பாடப்புத்தகத்தின் அட்டை என்ன நிறமென்றே அறியாத அப்பாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். துபாயில் இருந்த ஒருவர் வேலையிடத்து ஹெல்மெட்டோடு வீடியோ காலில் வந்து, "இன்னொருக்க வாசி மக்கா, அம்மைக்கு மானம் போவும்" என்று கெஞ்சியதை நானே பார்த்தேன்.

பாடப்புத்தகம் தீர்ந்ததும், "வீட்டுல அச்சடிச்சது எது கெடந்தாலும் கொண்டா" என்றார் மைக்செட். வினை அங்கேதான். நான்காம் வகுப்பு சஜின் கையில் அகப்பட்டது பிஸ்கட் பாக்கெட். கோதுமை மாவு, சர்க்கரை என்று வாசித்துக்கொண்டே போய், கெட்டுப்போகும் தேதியையும் கணீரென்று வாசித்தான். அது போன மாதமே முடிந்திருந்தது. அதை விற்ற கடைக்காரர் செல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"ஓய், எனக்க யாவாரத்தக் கெடுக்கவா மைக் வச்சீரு?"

"பய ஒரு தப்பில்லாம வாசிச்சான். அதுக்கொரு கை தட்டும் ஓய்!"

அதற்குப் பிறகு செல்லப்பன் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்துத்தான் அடுக்கினார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மகள் ஜெனிஷா மூன்றாம் வகுப்பு. வரிக்கு வரி சிக்குவாள். வகுப்பில் பிள்ளைகள் சிரித்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. காலையானால் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வாள். பள்ளியே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கும் மனைவிக்கும் பயம். எங்கள் முறை வந்தபோது, அவளையும் கூட்டிக்கொண்டு, அவளை விட்டுவிடும்படி மைக்செட்டிடம் கேட்கப் போனேன்.

"சாரே, நீரு போவும். ஏட்டி மக்கா, இஞ்ச வா. இந்தா சுவிச்சு, இது உனக்க கையிலயாக்கும். நீ போட்டாத்தான் குழாய் கத்தும். போடாட்டா எனக்கு மட்டும் வாசி."

அன்று முதல் அவள் உயிரில்லாத மைக்கில் தினமும் முணுமுணுத்தாள். ஊரையே செவிடாக்கிய மனிதர் காதைக் கையால் குவித்துக்கொண்டு கேட்டார். மனைவி கட்டன் சாயா கொண்டுவந்தால்கூடச் சைகையிலேயே விரட்டினார்.

ஒரு சாயங்காலம் நான் தக்கலை ஆபீசிலிருந்து வந்து பஸ் இறங்கினேன். குழாயில் ஒரு கீச்சுக்குரல். ஜெனிஷா சுவிட்சைப் போட்டிருக்கிறாள்! தெருவுக்குள் ஓடினேன். ஏதோ யானைக் கதை. மூன்றாவது வரியில் சிக்கினாள். "பள்... பள்ள..." அப்புறம் ஒன்றுமில்லை.

ஒரு வீட்டில் டீவி நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. செல்லப்பன் கையில் பொட்டலத்தோடு வெளியே வந்து நின்றார். பொறுக்க முடியாமல் யாரோ சொல்லிக்கொடுக்க வாயெடுத்தார்கள்.

"ஒருத்தரும் பறயப்பிடாது! அவ பறயட்டு!" என்று மைக் இல்லாமலே கர்ஜித்தார் மைக்செட்.

ஒருவரும் சிரிக்கவில்லை. குழாயில் என் மகளின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "பள்ளத்தாக்கு" என்று சொல் முழுதாக வந்தது. யானையும் அதில் நல்லபடியாக இறங்கிப் போயிற்று.

நான் ஷெட்டுக்குப் போனபோது அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். மைக்செட்டின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன ஓய் பாக்கீரு? பிள்ள வாசிக்குது, இரும்!" என்று அடிக்குரலில் அதட்டி, எனக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

உட்கார்ந்தேன். அந்த இரைச்சல் பிடித்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.