கையூன்றாமல் எழுந்த விவரம்

அன்பிற்குரிய மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், முட்டி இரண்டும் நலம், இடுப்பு ஓரளவு நலம். அங்கு நீயும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க என் ஆசி. போனில் சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் "சரிங்கத்தை" போட்டு நீ பேச்சை முடித்துவிடுவாய் என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் முக்கியமான செய்தி. எனக்காக நீ ஒழித்து வைத்திருக்கும் அறையில் உன் தையல் மெஷினைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நான் வரவில்லை. ஜெயித்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கட்டிலுக்கடியில் உருண்டுபோன பிரஷர் மாத்திரையை எடுக்கத் தரையில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே இரண்டு மணி நேரம் கிடந்ததும், பால் போட வந்தவர் என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு போஸ்ட்மாஸ்டரம்மாவைக் கூட்டி வந்ததும், அந்தப் புண்ணியவதி என்னைத் தூக்குவதற்கு முன்பே உன் வீட்டுக்காரனுக்கு போனைப் போட்டதும் உனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே வந்து நின்று உத்தரவு போட்டான். "மூணு மாசம் டைம்மா. தரையில உட்கார்ந்து, எதையும் பிடிக்காம, யாரும் தூக்காம எழுந்து காட்டு. காட்டினா இங்கயே இரு. இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட கிளம்பு." முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக நின்று ஊர்ப்பட்ட பிள்ளைகளைக் கையில் வாங்கினவளுக்குப் பெத்த பிள்ளை வைக்கிற பரீட்சை! உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுச் சாவி என் கையில் இருக்கணும்மா. அது போனா நான் பாதி ஆள்.

போஸ்ட்மாஸ்டரம்மாதான் என்னை பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். மருந்துக்கடை மாடியில் ஒரு ஹால், ஆறு பாய், சுவர் முழுக்கக் கண்ணாடி, அறுபது தாண்டிய பெண்களுக்கு மட்டும். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு உடம்பில் எலும்பே கிடையாது போலிருக்கு. முதல் நாளே "தொப்புளை முதுகெலும்போட ஒட்டுங்கம்மா"ங்கிறாள். நடுவுல இத்தனை வருஷச் சாப்பாடு உட்கார்ந்திருக்கே, அதை எங்க அனுப்புறது? மல்லாந்து படுத்து ஒத்தக் காலால வட்டம் போடச் சொன்னா. போட்டேன், போஸ்ட்மாஸ்டரம்மாவோட மூக்குக்கண்ணாடி பறந்து ஜன்னலோரம் விழுந்துது. பெரிய பந்து மேல உட்காரச் சொன்னா. உட்கார்ந்தேன், பந்து ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன்.

இதெல்லாம் போகட்டும், ரெண்டாவது வாரம் நான் பண்ணின கூத்தைக் கேளு. அடிவயித்தை உள்ளே இழுத்து, மேலே தூக்கி, மூச்சை மெதுவா விடணுமாம். அடுத்த பாய்ல இருந்த ரிட்டயர்டான தலைமையாசிரியை மூஞ்சி சிவந்து "அம்மா"ன்னு ஒரு முனகல் முனகினாங்க. அது காதுல விழுந்ததுதான் எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தவழ்ந்து போய் அவங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "முக்கும்மா! நல்லா முக்கு! மூச்சை அடக்கிக் கீழே தள்ளு! அவ்வளவுதான், தலை தெரியுது!"ன்னு கத்திட்டேன். சொன்னா நம்பமாட்டே, மிச்சப் பேரும் சேர்ந்து முக்கினாங்க. அந்தப் பொண்ணு "ஐயையோ, தள்ளக் கூடாதும்மா, தூக்கணும்"னு அலறுறா, யாரு காதுல வாங்கினா? அதுக்கப்புறம் ரெண்டு பேர் பாத்ரூமுக்கு ஓடினதை நான் எழுதப் போறதில்ல. தலைமையாசிரியை மட்டும் நிதானமா உட்கார்ந்து, "எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது, யாரோட தலை தெரிஞ்சுது?"ன்னு கேட்டாங்க பாரு, முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னே புரியல.

வகுப்பு முடிஞ்சதும் அந்தப் பொண்ணு என்னைத் தனியா நிறுத்தினா. துரத்தப் போறான்னு நினைச்சேன். "அம்மா, ஊருக்கெல்லாம் கீழே தள்ளு, கீழே தள்ளுன்னு சொல்லியே உங்க உடம்பும் அதைப் பழகிடுச்சு. எழுந்திருக்கும்போதும் மூச்சை அடக்கிக் கீழேதான் தள்ளுறீங்க. அப்புறம் எப்படி மேலே வருவீங்க? மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திருங்க"ன்னா. எனக்கு சுருக்குன்னு பட்டுது. அன்னிலேர்ந்து தினமும் கட்டில் பக்கத்துல உட்கார்றதும் எழுந்திருக்கிறதும்தான் வேலை. முதல்ல முட்டி தரையை விட்டே எழும்பல. ஒரு நாள் மனசு விட்டுப்போய்ப் பெட்டியை எடுத்து வெளியே வச்சேன். உட்கார்ந்து அழுதேன், உன்கிட்ட சொல்றதுக்கு என்ன.

இன்னிக்குக் காலைல வந்தான் உன் வீட்டுக்காரன். ஹால் நடுவுல நாற்காலி போட்டு ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தான். நான் தரையில உட்கார்ந்து, காலை மடக்கி, எழுந்திருக்க ஆரம்பிச்சேன். பாதியில நின்னு போச்சு. அவன் பதறிப்போய்க் கையை நீட்டினான். "கையை எடுடா!"ன்னு ஒரு அதட்டல் போட்டேன் பாரு, அந்த அதட்டல்லயே உள்ளே இருந்த மூச்செல்லாம் வெளியே போச்சு, நான் மேலே வந்துட்டேன். நேரா நின்னேம்மா, ஒரு கை கூட ஊன்றல. அவனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "உன்னைக் கிளப்பிட்டுப் போற பாவத்துலேர்ந்து தப்பிச்சேன்"னான். பாரேன், எனக்கு மேல அவன் பயந்திருக்கான்! அப்பாடா, இனிமே நிம்மதியாத் தூங்குவேன்.

மூணு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்புறான். இதை அவன் கையிலேயே கொடுத்து விடுகிறேன். நீ முதுகுவலி அறியாமலும், பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கடிக்காமலும் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

நிமிர்ந்து நிற்கும்
உன் அத்தை

பின்குறிப்பு: தபாலில்தான் அனுப்புகிறேன். நான் கடிதத்தை மடிக்கும்போது உன் வீட்டுக்காரன் "இதென்னம்மா பெரிய வித்தை"ன்னு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததோட சரி. எழுந்திருக்கும்போது இடுப்புல 'கடக்'. நானும் போஸ்ட்மாஸ்டரம்மாவும் அவனைப் பாய்ல உருட்டிப் போட்டு இழுத்துக் கட்டில் பக்கம் சேர்த்தோம். டாக்டர் வந்து பார்த்துட்டு, பத்து நாள் அசையக் கூடாதுன்னுட்டார். தனியா இருக்கணும்னுதான் நான் இத்தனை பாடுபட்டேன், இப்போ வீட்டுக்குள்ள ஆறடி ஆளு, கூப்பிட்ட குரலுக்கு நான் ஓடணும். படிக்கப் போனதுக்கப்புறம் அவன் என் வீட்ல சேர்ந்தாப்ல ரெண்டு நாள் தங்கினதில்ல. பயப்பட ஒண்ணுமில்லம்மா. நீ அவசரப்பட்டுக் கிளம்பி வந்துடாதே.