கோபுர விரிசலும் என் முழங்கையும்

உயரத்துக்குப் பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிம்மதியாக வாழ்பவர்கள் ஒரு வகை. நான் மற்ற வகை. டோர்செட் பார்க் பகுதியில் பதினோராம் மாடியில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். பால்கனியில் இன்றுவரை கால் வைத்ததில்லை. யாராவது கேட்டால் "வெளியில குளிர்" என்பேன். (ஜூலை மாதத்திலும்.)

அப்படிப்பட்டவன் மணிக்கோபுரம் உள்ள ஒரு தேவாலயத்துக்குப் பராமரிப்பாளர் வேலை கேட்டுப் போனேன். நேர்முகத்தில் ஒரே ஒரு சிக்கலான கேள்விதான் வந்தது: உயரத்தில் ஏறுவதில் ஏதும் பிரச்சினை உண்டா? "எனக்கா?" என்று பெரிதாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம்.

இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர்த் தேவாலயத்தை நினைத்து நினைத்துக் கட்டிய கோயில் அது. கல்லுக்குப் பதிலாக இந்த மண்ணில் சுட்ட மஞ்சள் செங்கல். மற்றதெல்லாம் அந்த ஊர்தான். கூர்முனை வளைவு ஜன்னல்கள், சுவருக்குத் தோள் கொடுத்து நிற்கும் முட்டுச் சுவர்கள், அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி மரக்கூரை. மணி கப்பலில் வந்ததாம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

நான் மன்னார்க் கத்தோலிக்கன். பாதிரியாரைச் சுவாமி என்போம்; சுவாமி என்றால் ஆண் என்றே நினைத்து வளர்ந்தவன். இங்கே சுவாமி ஒரு பெண். பெயர் மார்கரெட். பழக்கதோஷத்தில் முதல் வாரம் முழுவதும் அவரை "ஃபாதர்" என்றே கூப்பிட்டேன். அவர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. அவ்வளவு நல்ல மனுசி.

கோபுரப் படிக்கட்டின் நடுவழியில், சுவரில் ஒரு விரிசல் இருந்தது. என்ஜினியர் ஒருவர் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதித்திருந்தார். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும். மார்கரெட் இதைக் கீழே நின்றபடி விளக்கினார். நானும் கீழே நின்றபடியே விளங்கிக்கொண்டேன்.

இரண்டாம் மாதம், பொதுமக்கள் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும் சனிக்கிழமை வந்தது. வழிகாட்டிக்கு அன்று பார்த்து முழங்கால் வலி. "நீங்கள் மேலே கூட்டிப்போவீர்கள்தானே?" என்று மார்கரெட் கேட்டார். மாட்டேன் என்றால் என் சிரிப்புப் பொய்யாகிவிடும். மார்கரெட் அந்தக் கண்ணாடியின் கதையைச் சொல்லி அனுப்ப, எட்டுப் பேர் என் பின்னால் ஏறினார்கள். எனக்கு அடுத்த படியில், ஒஷாவாவிலிருந்து வந்த ஒரு தமிழ் அண்ணை.

சுழற்படி. ஓராள் மட்டும் போகக்கூடிய அகலம். சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு முப்பது படி ஏறினேன். பிறகு கீற்று மாதிரி ஒரு ஜன்னல் வந்தது. தெரியாத்தனமாக வெளியே பார்த்துவிட்டேன். கீழே ஒரு பஸ்ஸின் கூரை தெரிந்தது. பஸ்ஸுக்கு ஒரு கூரை இருப்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. அப்படியே சுவரைக் கட்டிப்பிடித்தேன்.

"தம்பி, என்ன நிண்டிட்டீர்? ஏறும்."

"ஓம் அண்ணை, ஒரு நிமிசம். இந்தச் சுவரின்ர வேலைப்பாட்டைப் பாக்கிறன்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

இன்னும் இறுக்கிக் கட்டினேன். என் முழங்கைக்குக் கீழே 'டிக்' என்றது.

பின்னால் ஒரு பெண் வீரிட்டாள். "கண்ணாடி உடைந்துவிட்டது! சுவர் அசைகிறது!" எட்டுப் பேரும் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். நான் ஒவ்வொரு படியிலும் குந்தி இருந்து இருந்து, பின்பக்கத்தால் இறங்கி வந்து சேர்ந்தேன்.

வெளியே தேவாலயமே காலியாகித் தெருவில் நின்றது. இரண்டு மணிக்கு ஒரு கல்யாணம். மணப்பெண் நீள வெள்ளை உடுப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நடைபாதையில் நின்று அழுதாள். எல்லோரும் கோபுரத்தையே பார்த்தார்கள், இதோ விழப்போகிறது என்று. மார்கரெட்டின் முகத்தில் ரத்தமே இல்லை. "இத்தனை தலைமுறை நின்றது, என் காலத்திலா?" என்றார்.

உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். ஒஷாவா அண்ணை மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நான் ஒண்டையும் காணேல்லை. பயப்பிடாதையும்."

அவர் வடிவாகக் கண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒதுங்கிப் போய் மனைவி நிர்மலாவுக்கு போன் எடுத்தேன்.

"சுவர் அசையேல்லை, நிர்மலா. என்ர முழங்கைதான் உடைச்சது."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? அந்த அம்மாவிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

"வேலை போயிடும்."

"அங்க ஒரு பிள்ளை கலியாண உடுப்போட றோட்டில நிக்குது. உங்கட வேலையோ பெரிசு?" போனை வைத்துவிட்டாள்.

மார்கரெட்டிடம் போனேன். ஆங்கிலத்தில் "மை எல்போ" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்ற மேப்பிள் மரத்தைக் கண்ணை மூடிக் கட்டிப்பிடித்து, முழங்கையால் ஒரு இடி இடித்துக் காட்டினேன். கண்ணைத் திறந்தபோது மணப்பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ஜினியர் வந்து மேலே ஏறிப் பார்த்தார். விரிசல் அப்படியே இருக்கிறதாம், பொறுப்பு முழுக்க முழங்கைக்குத்தானாம். கல்யாணம் ஒரு மணி நேரம் பிந்தி நடந்தது.

எல்லாம் முடிந்தபின் மார்கரெட் என்னைக் கூப்பிட்டார். "உயரம் ஒத்துக்கொள்ளாது என்று ஏன் முதலே சொல்லவில்லை?"

"பயமாக இருந்தது."

"உயரத்துக்கா?"

"இல்லை. உங்களுக்கு."

அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். வேலை போகவில்லை. ஆனால் உட்காரும் கதிரையின் உயரத்துக்கு மேல் ஏறும் வேலை எதையும் எனக்குத் தரக்கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார். விரிசலில் இப்போது பிளாஸ்டிக் அளவுகோல், அதற்கு மேல் ஒரு கம்பி வலை.

ஒன்றையும் காணாத அந்த அண்ணை, ஒஷாவாவிலிருந்து ஸ்ரௌவ்வில் என்ற ஊர் வரைக்கும் போன வீடெல்லாம் கதையைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால் போதும், "சுவர் அசைஞ்சதோ, முழங்கை அசைஞ்சதோ?" என்று நிர்மலா குசினியிலிருந்து கேட்பாள்.

போன மாதம் மகள் என் காரின் முன்பக்கத்தை நசுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கார்த் திறப்பை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, சுவர் அசையேல்லை. மை எல்போ."