பெயர் எழுத வேண்டாம் என்றிருந்த படிவம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டரை ஆகிறது. பாப்பா இப்போதுதான் என் விரலை விட்டாள். இவர் இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தும் பார்த்தேன். போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு நீயும் தூங்காமல் அத்தானையும் தூங்கவிடாமல் இருப்பாயே என்று நினைத்ததும் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேன். உன் உடம்பும், அத்தானின் முழங்காலும், பெரியவனின் படிப்பும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். பாப்பா மறுபடியும் செருப்பைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதிலிருந்தே அவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நீ தெரிந்துகொள்ளலாம்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், வேலை போகவில்லை. போன கடிதத்தில் நான் புலம்பியிருந்ததை எல்லாம் மறந்துவிடு. அப்போது நான் இருந்த நிலையில் முழுக்கதையையும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது மூச்சு விட முடிகிறது, அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஓராண்டு தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்பது உனக்குத் தெரியும். எங்கள் சான்றிதழ்ப் பிரிவின் கண்காணிப்பாளர் "இவரை நிரந்தரமாக்கலாம்" என்று ஒரு வரி எழுதினால்தான் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால்தான் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கிற காப்பகத்தில் பாப்பாவுக்கு அடுத்த வருஷமும் இடம். அந்தக் கண்காணிப்பாளரை நாங்கள் "முறைப்படி சார்" என்போம், அவர் இல்லாத சமயத்தில். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றால்கூட "முறைப்படி எழுதிக் குடும்மா" என்பார். எதில் எழுதுவது என்று கேட்க இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நான் சேர்ந்த முதல் நாளே அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்து, பதவி, தேதி, பிரிவு முத்திரை, இந்த நாலும் இல்லாமல் ஒரு தாள்கூட இந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது.

இப்படி இருக்கையில், மூன்று வாரம் முன்பு பதிவாளர் அலுவலகத்திலிருந்து எல்லாப் பிரிவுக்கும் ஒரு படிவம் வந்தது. நாலு பக்கம், நாற்பது கேள்வி. பணியிடப் பண்பாடு பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று துணைவேந்தர் தெரிந்துகொள்ள விரும்புகிறாராம். இங்கே மனம் திறந்து பேச முடிகிறதா, மேலதிகாரி காதுகொடுத்துக் கேட்கிறாரா, என்றெல்லாம் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் "வேறு ஏதேனும் கருத்து" என்று ஒரு பெரிய கட்டம். தலைப்பிலேயே கொட்டை எழுத்தில், முற்றிலும் ரகசியம், பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு, "அதான் பேரே கேக்கலையே, மனசுல இருக்கறதக் கொட்டிடு" என்றார். அவர் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு படிவம் வந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு வருகிற ஆள். எனக்கு மட்டும் வீரம் சொல்லிக்கொடுத்தார்.

அது பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த வாரம். காப்பகத்திலிருந்து ஆயா பதறிப்போய் போன் செய்தபோது மணி ஒன்றேகால். நான் ஓடிப்போய் அவசர விடுப்பு கேட்டேன். முறைப்படி சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே, "எழுதி, உரிய வழியா அனுப்பும்மா" என்றார். அந்த உரிய வழி என்பது அவர்தான், அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எழுதி நீட்டினேன். "சாப்பாட்டு நேரம் முடியட்டும்" என்றார். இரண்டு மணி வரை நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அக்கா. அன்று இரவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை நிரப்பினேன். எங்கள் பிரிவுக் கடிகாரம் காலையில் பத்து நிமிடம் முந்தி ஓடுவதும் மாலையில் பத்து நிமிடம் பிந்தி ஓடுவதும் எப்படி என்று கேட்டேன். மூன்று காலில் நிற்கிற என் நாற்காலியைப் பற்றி எழுதினேன். அவர் இரண்டு மணி வரை சாப்பிட்டதையும் நான் தாளோடு நின்றதையும் எழுதினேன். கடைசியாக, "எங்கள் கண்காணிப்பாளருக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில் தபால் முத்திரை இருக்கிறது" என்று எழுதி, முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தேன். காலையில் ஒரு தடவை படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அலுவலகத்துக்குப் போய், முடிந்த வேலைகளை எல்லாம் முடித்து, நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த பூட்டுப்போட்ட பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் பாதி வழியில் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். ஊதா மை. என் கை, அதுபாட்டுக்கு, அலுவலகத்தில் மற்ற தாள்களோடு சேர்த்து இதிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, இளநிலை உதவியாளர் என்று எழுதி, தேதி போட்டு, பிரிவு முத்திரையும் குத்தியிருக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். பெட்டிக்குப் பக்கத்தில் காவலாளி. "அண்ணே, ஒரு தாளை மாத்திப் போட்டுட்டேன், கொஞ்சம் திறக்க முடியுமா?" என்றேன். "திறக்கலாம்மா. உங்க கண்காணிப்பாளர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த தோட்டக்காரர் வேறு, "என்னம்மா, காதல் கடிதத்த மாத்திப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைக் கேட்காதே. முறைப்படி சார் இருமினால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருநாள் அவராகவே என் மேசைக்கு வந்து, "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷத்தில் ஒரு நாளும் கேட்காதவர். சரி, சீட்டுக் கிழிந்துவிட்டது, அதற்கு முன்னால் ஒரு மரியாதைக்குக் கேட்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

முந்தாநாள் காலை துணைப் பதிவாளர் என்னையும் அவரையும் சேர்த்துக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு மூன்றடி பின்னாலேயே நடந்து போனேன். அறைக்குள் துணைப் பதிவாளரைக் காணவில்லை. மேசைமேல் மலைபோலப் படிவங்கள். அந்த மலைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"மூவாயிரத்துச் சொச்சம் படிவம். அதுல கையெழுத்து இல்லாதது எத்தனை தெரியுமா? பதினொண்ணு. அந்தப் பதினொண்ணும் வெறுந்தாள்."

முறைப்படி சார் மெதுவாக, "பேரு எழுத வேண்டாம்னுதானே இருந்துச்சு சார். கையெழுத்த யாரும் வேண்டாம்னு சொல்லலையே" என்றார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒருத்தர் படிப்புச் சான்றிதழோட நகலை இணைச்சிருக்கார். இப்படியே துணைவேந்தர்கிட்ட கொண்டுபோய் வச்சா ரகசியம் என்னாச்சுன்னு என்னைத்தான் கேப்பார். கடைசிப் பக்கத்துல அடியில மூணு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துடுங்க. யாரும் படிக்கக் கூடாது. வாயத் திறக்காத ஆளா இன்னொருத்தர் வேணும்னு கேட்டேன், உங்க சார் உங்களைச் சொன்னார்."

முறைப்படி சார் தலையாட்டினார். "இந்தப் பொண்ணு எதையும் மனசுல வச்சுக்காது சார்" என்றார்.

கிடங்கு அறையில் இரண்டு நாள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வெட்டினோம். படிக்கக் கூடாதுதான். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. நூலகத்தில் ஒருவர், எங்களையும் கொஞ்சம் பேச விடுங்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தத் தோட்டக்காரர், "இருபத்திரண்டு வருஷமாக என்னை எல்லாரும் 'யாருப்பா அங்கே' என்றே கூப்பிடுகிறார்கள், நான்தான் அங்கே" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். மனம் திறந்து பேச முடிகிறதா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் ஐந்து போட்டு, பக்கத்திலேயே சுருக்கொப்பமும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என் கட்டுகளில் என் படிவம் இல்லை. அப்படியென்றால் அவர் பக்கம்தான் இருக்க வேண்டும். நேற்று மதியம் மூன்று மணிக்கு அவருடைய கத்தரி நின்றது. ஒரு தாளைத் தூரப் பிடித்துப் படித்தார், பிறகு கிட்டப் பிடித்துப் படித்தார்.

"ஏம்மா, இது நீ போட்ட முத்திரைதானே?"

"ஆமாம் சார்." இல்லை என்று எப்படிச் சொல்வது?

"கோணாம விழுந்திருக்கு. பாதிப் பேரு தலைகீழாக் குத்தியிருக்கான்." மறுபடியும் படித்தார். "நான் ரெண்டு மணி வரைக்கும் சாப்பிடலம்மா. ஒண்ணு ஐம்பதுக்கே முடிச்சுட்டேன்."

"அப்ப பத்து நிமிஷம் சும்மாவா சார் உட்கார்ந்திருந்தீங்க?" இது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா.

"சாப்பாட்டு நேரம் ரெண்டு மணி வரைக்குமாச்சே" என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில். பிறகு, "அன்னைக்குப் பிள்ளைக்கு எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார்.

"நூத்தி மூணு சார்."

"காய்ச்சல்னு மட்டும்தானே எழுதியிருந்தே. நூத்தி மூணுன்னு எழுதலையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இனிமே அப்படி ஏதாச்சும்னா நீ பாட்டுக்குப் போயிடு. வந்து எழுதிக்கலாம்."

அதற்குமேல் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. காலையிலேயே எடுத்து மடியில் வைத்திருந்த ஒரு படிவத்தை நீட்டினேன். "சார், இது உங்களோடது." அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்பது கேள்விக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில், "துணைப் பதிவாளருக்குக் காது இருப்பது மூக்குக் கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டுமே" என்று எழுதி, கையெழுத்து, பதவி, தேதி, முத்திரை.

"படிச்சியா?"

"கடைசிக் கட்டம் மட்டும் சார்."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு சார்."

"உன்னோடதும் நல்லா இருக்கு" என்றார். என்னுடையதை அவர் வெட்டினார், அவருடையதை நான் வெட்டினேன். வெட்டி முடித்த நேரத்தில் துணைப் பதிவாளர் உள்ளே வந்து, "யாராவது ஏதாவது ஏடாகூடமா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். "நாங்க படிக்கலை சார்" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

இன்றைக்கு மாலை என் நிரந்தர ஆணை வந்துவிட்டது அக்கா. அதில் முறைப்படி சாரின் பரிந்துரை ஒரு வரி: "இவர் தம் கருத்துகளைத் தயக்கமின்றியும், தக்க முத்திரையுடனும் தெரிவிக்கக்கூடியவர், நிரந்தரமாக்கலாம்." காப்பகத்து ஆயாவிடம் காட்டினேன். அவர் பாப்பாவின் பெயரை அடுத்த வருஷப் பட்டியலில் அப்போதே எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் சும்மா தரையில் படுத்துக் கிடந்தேன், பாப்பா என்மேல் ஏறி விளையாடினாள். இத்தனை நாளில் இன்றுதான் எனக்குப் பசித்தது.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் முத்தம். எல்லாரும் நிம்மதியாகத் தூங்குங்கள், நானும் தூங்கப் போகிறேன்.

உன் அன்புத் தங்கை.

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் ஒன்று நினைவுக்கு வந்தது. வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போடலாம் என்றேன். முறைப்படி சார், பதிவில்லாமல் எதையும் கழிக்கக் கூடாது என்றார். அதனால் ஒவ்வொரு படிவத்துக்கும் நான் வரிசை எண் போட்டேன். அதனதன் துண்டுக்கும் அதே எண்ணைப் போட்டு, கட்டுக் கட்டாகக் கட்டி, பட்டியல் தயாரித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, துணைப் பதிவாளரின் அலமாரியில் வைத்திருக்கிறோம். சாவி அவரிடம் இருக்கிறது. நிரந்தரம் ஆனவரை அப்புறமும் நீக்க முடியுமா என்று அத்தானிடம் கேட்டு, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.